குடும்ப எஸ்யூவியை மண்பாதையில் இறக்கும் முன்: ஆல்-வீல்-டிரைவ் எதுவரை கைகொடுக்கும்?

காரின் உடற்கூட்டை அடிப்படையாகக் கொண்டு, நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை செல்லும்படி அமைக்கப்பட்ட குடும்ப எஸ்யூவிகளைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. பின்கதவில் ஒட்டியிருக்கும் '4×4' எழுத்தைப் பார்த்துவிட்டு, ஜீப் ஏறும் இடமெல்லாம் இதுவும் ஏறும் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் 'லோ ரேஞ்ச்' கியர் இல்லாத எந்த வண்டியும் தார்ச்சாலையை விட்டு இறங்கத் தகுதியற்றது என்று அடித்துச் சொல்கிறவர்கள் மறுபக்கம். 2014-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ரெனோ டஸ்டர் ஆல்-வீல்-டிரைவ், 2022-இல் வந்த மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், அதன் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடர், மஹிந்திரா எக்ஸ்யூவி700, ஜீப் காம்பஸ், ஸ்கோடா கோடியாக் ஆகியவற்றின் நான்கு சக்கர இழுவிசை வகைகள் எல்லாம் இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில்தான் நிற்கின்றன.

இந்த வகை வண்டிகள் கரடுமுரடான பாதையில் தோற்பது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான். முதலில் வயிறு இடிக்கிறது. அடுத்து டயர் கிழிகிறது. அதற்கும் தப்பினால், மெதுவாக ஊர்ந்து செல்ல ஏற்ற கியர் இல்லாமல் கிளட்சோ கியர்பெட்டியோ சூடேறுகிறது. நான்கு சக்கர இழுவிசை போதாமல் வண்டி நிற்பது இந்த மூன்றுக்கும் பிறகுதான். ஆனால் வாங்குகிறவர் பணம் கொடுப்பதும் பெருமையாகப் பேசுவதும் கடைசியாக வரும் இந்த ஒன்றைப் பற்றித்தான். ஆகவே இந்த வழிகாட்டி, வண்டி தோற்கும் வரிசையிலேயே செல்கிறது.

உங்கள் வண்டிக்கு அடியில் இருப்பது என்ன

முதல் வேலை, வண்டியில் எந்த வகை அமைப்பு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது. பெரும்பாலான குடும்ப எஸ்யூவிகள் அடிப்படையில் முன்சக்கர இழுவிசைக் கார்களே. எஞ்சின் குறுக்குவாக்கில் அமர்ந்திருக்கும். கியர்பெட்டியிலிருந்து ஒரு சிறிய பகிர்வுப் பெட்டி விசையைத் திருப்பி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்பக்கம் அனுப்பும். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான பின் டிஃபரன்ஷியலுக்குச் சற்று முன்னால், எண்ணெயில் ஊறிய பல தட்டுகளைக் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கும். கணினி இந்தத் தட்டுகளை இறுக்கும்போது பின்சக்கரங்களுக்கு விசை போகும். தளர்த்தும்போது வண்டி முன்சக்கர இழுவிசைக் காராகவே ஓடும். 'ஆட்டோ' நிலையில் இந்த முடிவை முழுவதும் கணினி எடுக்கிறது. 'லாக்' பொத்தானை அழுத்தினால் தட்டுகள் தொடர்ந்து இறுகியிருக்கும். வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் தானாகவே விடுவித்துக்கொள்ளும்.

'லாக்' என்ற பெயர் பலரை ஏமாற்றிவிடுகிறது. அது பிணைப்பது முன் அச்சையும் பின் அச்சையும் மட்டுமே. ஓர் அச்சில் உள்ள இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் அது பிணைப்பதில்லை. எனவே முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் காற்றில் தொங்கினால், லாக் போட்டிருந்தாலும் விசை முழுவதும் அந்தத் தொங்கும் இரண்டு சக்கரங்களுக்கே ஓடும். அந்த நிலையில் வண்டியைக் காப்பாற்றுவது, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை எதிர்ச்சக்கரத்துக்குத் தள்ளும் மின்னணு ஏற்பாடு. அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பயிற்சிப் பகுதியில் பார்ப்போம்.

மஹிந்திரா தார், சுசூகி ஜிம்னி போன்றவை ஏணிச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டவை. அவற்றில் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும், அதில் லோ ரேஞ்சும் உண்டு. இதை வைத்துச் சட்டகம் இல்லாத மோனோகாக் உடலே பலவீனம் என்று முடிவுகட்டுவது சரியல்ல. 1977-இல் சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்த லாடா நீவா மோனோகாக் வண்டிதான். ஆனால் அதில் லோ ரேஞ்சும், முன், பின் அச்சுகளைப் பிணைக்கும் நடு டிஃபரன்ஷியல் பூட்டும் இருந்ததால், ஜீப்புகளுக்கு இணையாக அது சேற்றிலும் பனியிலும் போனது. இன்றைய லேண்ட்ரோவர் டிஃபெண்டரும் மோனோகாக்தான். ஆகவே உடல் எப்படிக் கட்டப்பட்டது என்பதைவிட, வயிறு எவ்வளவு உயரம், சக்கரம் எவ்வளவு தூரம் இறங்கி ஏறும், முதல் கியர் எவ்வளவு குட்டை (அதாவது எவ்வளவு மெதுவாக ஊரவிடும்) என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

வயிற்றை அளத்தல்

விளம்பரத்தில் வரும் கிரவுண்டு கிளியரன்ஸ் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கிராண்ட் விட்டாராவுக்கு 210 மி.மீ. என்கிறார்கள், டஸ்டர் ஆல்-வீல்-டிரைவுக்கும் அதே 210, ஜிம்னிக்கும் அதே 210. மூன்றும் ஒரே உயரம் என்றால் மூன்றும் ஒரே கல்லைத் தாண்ட வேண்டும் அல்லவா? தாண்டாது. ஜிம்னியில் அச்சு ஒரே உருக்குத் தண்டாக இருப்பதால், தரைக்கு மிக அருகில் இருப்பது டிஃபரன்ஷியல் உருண்டை மட்டுமே. வண்டியின் நடுவயிறு அதைவிட உயரத்தில் இருக்கிறது. அந்த உருண்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது டயர். எத்தனை பேர் ஏறினாலும் அது மாறுவதில்லை. குடும்ப எஸ்யூவியில் மிகத் தாழ்ந்த பாகங்கள் உடலோடு பிணைந்திருப்பதால், ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் அவையும் தரையை நோக்கி இறங்குகின்றன. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு பின்பகுதி 3, 4 செ.மீ. தாழ்வது சாதாரணம், ஒரு பள்ளத்தில் விழும் கணத்தில் இன்னும் தாழும்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் காணலாம். கிராண்ட் விட்டாராவின் சக்கர இடைத்தூரம் 2,600 மி.மீ. நடுவயிறு 210 மி.மீ. உயரத்தில் இருந்தால், ஒரு மேட்டின் முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் இருக்கக் கிடைக்கும் கோணம் ஏறத்தாழ 18 டிகிரி. அதே வயிறு 170 மி.மீ.க்கு இறங்கினால் அந்தக் கோணம் சுமார் 15 டிகிரியாகச் சுருங்குகிறது. ஐந்து கதவு ஜிம்னியின் சக்கர இடைத்தூரமும் 2,590 மி.மீ.தான், ஆனாலும் நிறுவனம் சொல்லும் முகட்டுக் கோணம் 24 டிகிரி. மலைத்தோட்டச் சாலைகளில் மழைநீர் ஓட வெட்டிவிட்டிருக்கும் குறுக்கு வாய்க்கால் மேடுகளில், தரையை உரசிக்கொண்டு நிற்கும் வண்டிக்கும் சத்தமில்லாமல் தாண்டும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சில டிகிரிகளில்தான் இருக்கிறது.

எனவே அளக்க வேண்டிய முறை இது. நீங்கள் உண்மையில் எடுத்துச் செல்லப்போகும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி, சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஒரு டார்ச் விளக்கும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு, முன் பம்பரின் கீழ் உதடு, எஞ்சினுக்கு அடியிலுள்ள மூடி, சைலன்சர் குழாய், பின் சஸ்பென்ஷன் கைகள், பின் பம்பரின் கீழ் விளிம்பு ஆகிய ஐந்து இடங்களின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, மிகத் தாழ்வான இடத்தின் உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி வண்டியிலேயே போட்டுவையுங்கள். பாதையில் சந்தேகமான கல்லைக் காணும்போது இறங்கிப்போய் அந்தக் குச்சியைக் கல்லின் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது, எந்த மின்னணுக் கேமராவைவிடவும் நம்பகமானது.

எஞ்சினுக்கு அடியில் இருப்பது பிளாஸ்டிக் மூடியா உலோகத் தகடா என்பதையும் அப்போதே தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், அது சேறு தெறிப்பதைத் தடுக்குமே தவிர, எண்ணெய்த் தொட்டியைக் கல்லிலிருந்து காக்காது. அடிக்கடி மலைப்பாதைக்குப் போகிறவர்கள் செய்துகொள்ள வேண்டிய முதல் மாற்றம் ஓர் உலோகத் தகடு. அதிலும் காற்றோட்டத்துக்குத் துளைகள் இருக்க வேண்டும்.

டயரும் காற்றும்

தொழிற்சாலையிலிருந்து வரும் டயர், நெடுஞ்சாலையில் சத்தமின்றி, எரிபொருளை மிச்சப்படுத்தி ஓடுவதற்கானது. கிராண்ட் விட்டாராவின் 215/60 ஆர்17 டயரில் பக்கச் சுவரின் உயரம் 129 மி.மீ.; டஸ்டரின் 215/65 ஆர்16 டயரில் 140 மி.மீ.; ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரில் 156 மி.மீ. இந்த உயரம் குறையக் குறைய, கூரான கல்லின் மேல் ஏறும்போது டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கிக் கிழியும் வாய்ப்பு கூடுகிறது. பெரிய அலாய் சக்கரம் அழகாக இருக்கலாம். கல்பாதையில் அந்த அழகுக்கு விலை உண்டு. ஒரே வண்டியில் 16 அங்குல வகையும் 18 அங்குல வகையும் கிடைத்தால், மண்பாதைக்குப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு 16-ஐ எடுக்கலாம்.

டயரை மாற்றாமலேயே செய்யக்கூடியது காற்றைக் குறைப்பது. சாலையில் 33 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால், சரளையிலும் உடைந்த கல்பாதையிலும் 26 முதல் 28 வரை இறக்கினால் டயர் கல்லின் மேல் படிந்து வளையும். உள்ளே அமர்ந்திருப்பவர்களின் முதுகும் தப்பும். ஆழமான மணலில் 18 வரை இறக்கலாம். அப்படி இறக்கிய பிறகு வேகத்தை 30 கி.மீ.க்குள் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல் ஓட்ட வேண்டும். இல்லையெனில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலையில் ஏறியதும் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும் என்பதால், 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கம்ப்ரஸரும் சரியான அளவுக் கருவியும் இல்லாமல் இந்த வித்தையில் இறங்க வேண்டாம்.

ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய தற்காலிகச் சக்கரம் கொடுக்கப்பட்டிருந்தால், கல்பாதையில் ஒரு பஞ்சர் ஆனதுமே உங்கள் பயணம் முடிந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அளவு வேறான சக்கரம் வேறு வேகத்தில் சுழல்வதால், பின்பக்கக் கிளட்சும் ஓயாமல் வழுக்கித் தேயும். இதே காரணத்தால் ஆல்-வீல்-டிரைவ் வண்டியில் இரண்டு டயரைப் புதிதாகவும் இரண்டைப் பழையதாகவும் ஓட்டுவது நல்லதல்ல. நான்கும் ஒரே வகையில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

ஊர்ந்து செல்லும் கியர்

கல்லும் பள்ளமும் நிறைந்த ஏற்றத்தில், நடக்கும் வேகத்தில், எஞ்சின் அணையாமல் ஏற வேண்டும். இதற்கான திறனைக் கணக்கிடும் வழி எளிது: முதல் கியரின் விகிதத்தையும் இறுதி விகிதத்தையும் (டிஃபரன்ஷியலில் உள்ள பல்சக்கர விகிதம்), லோ ரேஞ்ச் இருந்தால் அதன் விகிதத்தையும் பெருக்கினால் வருவது ஊர்விகிதம். ஜிம்னியில் 4.425, 4.090, 2.002 மூன்றையும் பெருக்கினால் சுமார் 36 வருகிறது. சாதாரணக் காரில் இது 13-லிருந்து 16-க்குள் இருக்கும். ஜீப் காம்பஸ் டிரெயில்ஹாக் வகையில் ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்கின் குட்டையான முதல் கியரைப் பயன்படுத்தி 20-ஐ எட்டினார்கள். டஸ்டர் ஆல்-வீல்-டிரைவில் லோ ரேஞ்ச் இல்லாத குறையை ஆறு கியர் மேனுவலின் மிகக் குட்டையான முதல் கியர் ஓரளவு ஈடுசெய்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுற்றும்போது வண்டி மணிக்கு 5.8 கி.மீ. அளவில்தான் நகரும். கரடுமுரடான பாதையில் அந்த வண்டி பெற்ற நல்ல பெயருக்கு நான்கு சக்கர இழுவிசையைவிட இந்தக் கியரே பெரிய காரணம் என்பது என் துணிபு.

உயரம் கூடும்போது இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகும் வழியிலுள்ள குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதமே என்பதால், டர்போ இல்லாத 103 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் அங்கே அறுபதுக்குச் சற்று மேலே உள்ள குதிரைத்திறனோடுதான் ஏறும். ஊட்டியில் முதல் கியரில் சிரமமின்றி ஏறிய வண்டி, அங்கே ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்சைக் கருக்குவதற்கு இதுதான் காரணம். டர்போ எஞ்சின்களுக்கு இந்த இழப்பு மிகவும் குறைவு.

கியர்பெட்டியின் வகைக்கேற்பப் பலவீனமும் மாறும். மேனுவலில் ஓட்டுநரின் இடது கால்தான் எதிரி. கிளட்சை அரைகுறையாக அழுத்தியபடி ஏறுவது ஒரு நிமிடம் நீடித்தாலே கருகிய வாடை வரும். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் அதே தவறை ஓட்டுநருக்குத் தெரியாமலேயே செய்யும். கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் சி.வி.டி. மணலில் சீக்கிரம் சூடேறும். எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்தான் ஊர்ந்து செல்லும் வேலையை அதிகம் பொறுத்துக்கொள்கிறது. எந்த வகையாயினும், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காமல், கியரை நியூட்ரலில் வைத்து, நிழலில் பத்து பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். பின்பக்கக் கிளட்ச் சூடேறினால் பெரும்பாலான வண்டிகள் தம்மைக் காத்துக்கொள்ள அதைத் தளர்த்திவிட்டு, முன்சக்கர இழுவிசைக்கு மாறிவிடும். மணல்மேட்டின் நடுவில் அது நேர்ந்தால் வண்டி அங்கேயே அமர்ந்துவிடும்.

முதலில் வெற்று மைதானம்

பயணத்துக்கு முன் ஒரு முற்பகலை, ஏரிக்கரை ஓரத்துப் புறம்போக்கிலோ அனுமதி பெற்ற தனியார் நிலத்திலோ பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மூலைவிட்டமாக இரண்டு சக்கரங்கள் ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்கும்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நடை வேகத்தில் உள்ளே விடுங்கள். வண்டி நிற்கும், தொங்கும் சக்கரங்கள் சுழலும். இந்த இடத்தில் பெரும்பாலோர் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன். மூன்று முறை முயன்று தோற்றுவிட்டு, வண்டியால் முடியாது என்றே முடிவுகட்டினேன். பக்கத்தில் நின்ற நண்பர் காலை எடுக்காமல் அப்படியே இரண்டு விநாடி பிடிக்கச் சொன்னார். 'கட்கட்' என்று பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. சுழன்ற சக்கரம் நின்றது. மண்ணைத் தொட்டிருந்த சக்கரம் இழுக்க, வண்டி வெளியே வந்தது. பிரேக் வழியாகச் செயல்படும் இந்த ஏற்பாட்டுக்கு, சக்கரம் சுழல்வதை உணர்ந்து வேலையைத் தொடங்கச் சிறிது நேரம் தேவை. சீரான, மிதமான அழுத்தத்தோடு அந்த நேரத்தைக் கொடுப்பதுதான் இந்த வகை வண்டியை ஓட்டுவதில் கற்க வேண்டிய தனித்திறன்.

வண்டியின் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைக்கும் பொத்தானையும் அங்கேயே சோதித்துப் பாருங்கள். பல வண்டிகளில் அதை அழுத்தினால், எஞ்சின் விசையை வெட்டுவது மட்டும் நின்று, பிரேக் உதவி தொடரும். சிலவற்றில் இரண்டுமே நின்றுவிடும். மணலிலும் ஆழமான சேற்றிலும் எஞ்சின் விசை வெட்டப்படுவது வண்டியைப் புதைத்துவிடும் என்பதால், உங்கள் வண்டி இதில் எந்த இனம் என்பதைக் கையேட்டிலும் மைதானத்திலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நிலத்துக்கேற்ற ஓட்டம்

சரளைப் பாதையும் காய்ந்த மண்பாதையும் இந்த வண்டிகளுக்கே உரிய களம். இங்கே ஆல்-வீல்-டிரைவ், வளைவிலும் ஏற்றத்திலும் வண்டியை நேர்க்கோட்டில் வைத்திருக்கிறது. ஏணிச் சட்டக வண்டிகளைவிட இவை நிதானமாகவும் பாதுகாப்பாகவும் ஓடுகின்றன. உண்மையில் குடும்பங்கள் போகும் 'ஆஃப்-ரோடு' பாதைகளில் பெரும்பங்கு இதுதான்.

மாட்டுவண்டியும் டிராக்டரும் ஓடி ஆழமாகிப்போன தடங்களில் சக்கரங்களை இறக்கக் கூடாது. டிராக்டரின் வயிறு உங்கள் வண்டியின் வயிற்றைவிட மிகவும் உயரம். ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் மறு சக்கரத்தை ஓரத்திலும் வைத்து, தடத்தைக் கால்களுக்கு நடுவில் விட்டு ஓட்டுங்கள். பெரிய கல்லை வண்டியின் நடுவில் விட்டுத் தாண்ட முயல்வதைவிட, டயரை அதன் மேல் ஏற்றுவதே நல்லது; டயர் ஏறினால் வயிறும் சேர்ந்து உயரும்.

ஏற்றத்தில் ஏறும் முன் நடந்துபோய் உச்சியைப் பாருங்கள். முதல் கியரில், லாக் போட்டு, பாதியில் கியர் மாற்றாமல் நேராக ஏறுங்கள். வண்டி நின்றுவிட்டால் அங்கே திருப்ப முயலாமல், ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். சரிவின் குறுக்கே திரும்பிய வண்டி உருளும். இறங்கும்போது மேனுவல் வண்டியில் முதல் கியரும் எஞ்சினும் பிடிப்பது போதும். மலை இறக்கக் கட்டுப்பாடு என்ற பொத்தான் பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. சிறிய சரிவில் அது அருமையாக வேலை செய்யும், அரைமணி நேர இறக்கத்துக்கு அதை மட்டும் நம்பினால் பிரேக் சூடேறும்.

சேற்றில் இனம் பார்க்க வேண்டும். செம்மண் சேறு வழுக்கும், ஆனால் டயரிலிருந்து உதிர்ந்துவிடும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மழையில் நனைந்தால் கதை வேறு. அது டயரின் பள்ளங்களை அப்பி நிரப்பிவிடும். நெடுஞ்சாலை டயர் நான்கு சுற்றில் வழவழப்பான உருளையாகிவிடும். நான்கு சக்கரமும் சுழன்று நான்கும் வழுக்கும்போது ஆல்-வீல்-டிரைவால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. நனைந்த கரிசல் காட்டில் இறங்காமல், ஒருநாள் காய்ந்த பிறகு போவதே அறிவு.

மணலில் காற்றைக் குறைத்து, லாக் போட்டு, நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைத்து, நிற்காமல் சீராகப் போக வேண்டும். நிறுத்த நேர்ந்தால் பிரேக்கை அழுத்தாமல், இறக்கம் பார்த்துத் தானாக உருண்டு நிற்கவிடுங்கள். பிரேக் அழுத்தினால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து, மீண்டும் கிளம்புவது கடினமாகும். தனுஷ்கோடியில் 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன், ஜீப்புகளும் வேன்களும் மணலிலும் ஆழமற்ற கடல்நீரிலும் பயணிகளை ஏற்றிச் சென்றன. அந்த ஓட்டுநர்களின் பலம், எந்த இடத்தில் மணல் கெட்டி, எந்த இடத்தில் இளக்கம் என்று அன்றாடம் பார்த்துவைத்திருந்த கண். ஜெய்சல்மேர் அருகே சாம் மணல்மேடுகளைக் கண்டதும் குடும்ப எஸ்யூவியை ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். கெட்டியான விளிம்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. மணல்மேட்டின் முகட்டில் வயிறு அமர்ந்துவிட்டால் நான்கு சக்கரமும் பயனற்றவையாகிவிடும்.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உயிரிழப்பு நேர்வது இங்கேதான். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழியை இங்கே சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்கலாம்: முதலில் ஒருவர் குச்சியோடு நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத ஓட்டத்தில் வண்டியும் போகக் கூடாது. காரணம் எடையல்ல, மிதப்பு. இந்த வகை வண்டியின் அடித்தளம் தரையிலிருந்து சுமார் 35, 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 4 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் அகலமும் கொண்ட அடித்தளத்துக்கு மேல் நீர் வெறும் 10 செ.மீ. ஏறினாலே, அது இடம்பெயர்க்கும் நீர் ஏறத்தாழ 640 லிட்டர். அதாவது வண்டியின் எடையில் 640 கிலோவை நீர் தாங்கிக்கொள்கிறது. 1,300 கிலோ வண்டியின் டயர்கள் அப்போது பாதி எடையோடுதான் தரையை அழுத்துகின்றன. பக்கவாட்டில் தள்ளும் வெள்ளத்துக்கு முன் அந்தப் பிடிப்பு போதாது. கதவுகளும் கண்ணாடிகளும் இறுக்கமாக மூடும் நவீன வண்டி, பழைய ஜீப்பைவிட நன்றாக மிதக்கும் என்பது இதில் உள்ள கொடுமை. நம்மூர்த் தரைப்பாலங்களில் கார்கள் அடித்துச் செல்லப்படும்போது அவற்றில் எத்தனை சக்கரங்களுக்கு இழுவிசை இருந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை.

நீர் தேங்கியோ மிக மெதுவாக ஓடியோ, அடி கெட்டியாக, சக்கரத்தின் மையத்துக்குக் கீழேயே இருந்தால் கடக்கலாம். முதல் கியரில், நடை வேகத்தில், நடுவில் நிறுத்தாமல், கியர் மாற்றாமல் போங்கள். வேகமாகப் பாய்ந்தால் முன்னால் எழும் அலை, கிரில்லுக்குப் பின்னாலுள்ள காற்று உள்ளிழுக்கும் குழாயை எட்டும். எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். நடுவில் எஞ்சின் அணைந்துவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலவே வேண்டாம். ஸ்பிட்டிக்குச் செல்லும் கிராம்ஃபூ–காசா பாதையில் பனியாறுகள் உருகி வரும் ஓடைகள் பாதையின் குறுக்கே பாய்கின்றன. வெயில் ஏற ஏற உருகல் கூடுவதால், காலையில் கணுக்கால் அளவிருந்த ஓடை பிற்பகலில் முழங்காலுக்கு வரும். ஆகையால் அந்தப் பகுதியில் விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் ஓடைகளைக் கடந்துவிடுவது வழக்கம்.

பனியில் ஆல்-வீல்-டிரைவ் கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் பிடிப்பதில் இரண்டு சக்கர இழுவிசைக் காருக்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. இறுகிய பனியில் சங்கிலி கட்டாமல் இறங்கக் கூடாது. எந்தச் சக்கரத்தில் கட்டுவது என்பதை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும்.

மாட்டிக்கொண்டால்

சக்கரம் ஒரே இடத்தில் சுழலத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மேலும் அழுத்தினால் ஆழம் கூடுமே தவிர வேறொன்றும் நடக்காது. எல்லோரும் இறங்கி, சாமான்களை இறக்கி, காற்றை இன்னும் சற்றுக் குறைத்து, சக்கரங்களுக்குப் பின்னால் மண்ணைச் சரிவாக வெட்டி, தட்டைக்கல்லோ பலகையோ வைத்து, வந்த திசையிலேயே பின்னோக்கி எடுங்கள். மணலில் ஜாக்கி வைக்க அடியில் ஒரு தடித்த பலகை தேவை.

இழுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், வண்டியோடு வரும் திருகு வளையத்தைப் பம்பரிலுள்ள துளையில் முழுவதும் திருகி மாட்டி, நேர்க்கோட்டில் மட்டும், மெதுவாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் அந்த வளையம் ஒடிந்து தோட்டாபோலப் பறக்கும்; மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் நிற்க வேண்டும். சஸ்பென்ஷன் கைகளிலோ ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலோ கயிற்றைக் கட்ட உதவிக்கு வருகிறவர்கள் ஆர்வமாக முன்வருவார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள். பழுதான வண்டியைச் சாலையில் கொண்டுசெல்லும்போது நான்கு சக்கரமும் தரையிலிருந்து உயர்ந்த பிளாட்பெட் லாரியையே அழையுங்கள். முன்பகுதியை மட்டும் தூக்கி இழுத்துச் சென்றால், பின்சக்கரங்கள் சுழன்று பின்பக்கக் கிளட்சையும் பகிர்வுப் பெட்டியையும் கெடுத்துவிடக்கூடும்.

எங்கே திரும்புவது

தேனி மாவட்டத்திலுள்ள கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்லும் பாதையில் வாடகை ஜீப்புகளே பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. பெரிய உருண்டைக்கற்கள் புரளும் அந்தப் பாதை, குடும்ப எஸ்யூவிக்கு எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு நல்ல அளவுகோல். தொடர்ந்து உங்கள் குச்சியைவிட உயரமான கற்கள், இரண்டு சக்கரங்கள் அடிக்கடி அந்தரத்தில் தொங்கும் பள்ளங்கள், நின்று நின்று ஏற வேண்டிய செங்குத்து ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால், வண்டியை நிறுத்திவிட்டு ஜீப்புக்கு வாடகை கொடுப்பது ஓர் எண்ணெய்த் தொட்டியை மாற்றும் செலவைவிட மலிவு. ஒற்றை வண்டியாகப் போகிறவர்கள் மூன்றில் ஒன்று வந்தாலே திரும்பலாம். காப்புக்காட்டிலும் ஆற்றுப்படுகையிலும் வண்டியை இறக்குவது சட்டப்படி குற்றமாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் இமாச்சலத்தின் லாஹௌலில் சந்திரா ஆற்றுக்குள் எஸ்யூவி ஓட்டியவருக்குக் காவல்துறை அபராதம் விதித்தது.

திரும்பி வந்ததும் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பி, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியை நீரால் அலசுங்கள். ஷாஃப்ட் ஜாயிண்டுகளின் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா, பிரேக் குழாய்களில் உரசல் உண்டா, சைலன்சர் தாங்கிகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். கிழிந்த ரப்பர் உறை அன்றே மாற்றினால் சில நூறு ரூபாய் வேலை. மணல் புகுந்து ஜாயிண்ட் தேய்ந்த பிறகு மாற்றினால் பல ஆயிரம். முழங்கால் அளவு நீரைக் கடந்திருந்தால் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது, அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மாற்ற வேண்டும்.